இசை நிறுவனங்கள் சரிந்ததற்கு டவுன்லோடுதான் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழியைச் சுமத்துவதற்கு முன் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் "டவுன்லோடு" என்றே சொல்கிறோம். ஆனால் அதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. காசு கொடுக்காமல் பிறர் கணினியிலிருந்து இறக்கிக்கொண்டது ஒன்று. 2003-க்குப் பிறகு ஒரு பாட்டுக்கு 99 சென்ட் கொடுத்து வாங்கியது இன்னொன்று. இரண்டுமே லேபிள்கள் எனப்படும் இசை நிறுவனங்களை அடித்தன. அடி விழுந்த இடம்தான் வேறு. முதலாவதைக் கள்ள டவுன்லோடு என்றும் இரண்டாவதை விலை டவுன்லோடு என்றும் இங்கே அழைக்கிறோம். எண்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையைச் சேர்ந்தவை. மிகப் பெரிய சந்தை அது, சண்டையும் முதலில் அங்கேதான் மூண்டது.

ஒரே வரியில் சொல்லுங்கள்: டவுன்லோடா, இல்லையா?

கள்ள டவுன்லோடு விற்பனையைக் குறைத்தது உண்மை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுச் சரிவாக முடிந்திருக்க வேண்டியதைப் பதினைந்து ஆண்டுச் சரிவாக இழுத்தது லேபிள்கள் எடுத்த முடிவுகளே.

உண்மையில் எவ்வளவு சரிந்தது?

அமெரிக்க இசைப்பதிவுத் தொழிலின் சங்கமான ஆர்ஐஏஏ கணக்குப்படி 1999-இல் வருவாய் 1,460 கோடி டாலர். 2014, 2015 வாக்கில் அது 700 கோடிக்கு அருகே வந்து தரைதட்டியது. பாதிக்கு மேல் போய்விட்டது. 2023-இல் மீண்டும் 1,710 கோடி. "பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டோம்" என்று கொண்டாடினார்கள். ஆனால் 1999-இன் 1,460 கோடி, பணவீக்கத்தைச் சேர்த்தால், 2023-இன் பணத்தில் 2,600 கோடிக்கு மேல் வரும். அந்த உயரத்தை இன்னும் எட்டவில்லை. உலக அளவில், இசைப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ தந்த எண்கள்: 2023-இல் 2,860 கோடி டாலர், 2024-இல் 2,960 கோடி.

இந்த எண்களைப் படிக்கும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. சிடி காலத்து ஆர்ஐஏஏ எண் என்பது லேபிள் கடைகளுக்கு அனுப்பிய வட்டுகளை, திரும்பி வந்தவை கழித்து, அச்சிட்ட விலையால் பெருக்கியது. லேபிளின் கையில் வந்த பணம் அதைவிடக் குறைவு. விற்பனையைக் கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன் 1991 முதல் தந்த எண்ணோ கடைக் கல்லாவில் பார்கோடு வாசித்த எண்ணிக்கை. கடைகள் சரக்கைக் குறைத்து வைத்துக்கொள்ளத் தொடங்கும் ஆண்டில் முதல் எண் விழும், இரண்டாவது அசையாமல் இருக்கும். ஒன்றை ஒரு ஆண்டுக்கும் மற்றொன்றை அடுத்த ஆண்டுக்கும் எடுத்து ஒப்பிட்டால் எந்த முடிவையும் நிரூபித்துவிடலாம். அப்படி நிரூபிக்கப்பட்ட முடிவுகள் ஏராளம்.

1999 உச்சமே செயற்கையானது என்கிறார்களே?

பாதி சரி. சிடி 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மக்கள் புதுப் பாட்டை மட்டும் வாங்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் இருந்ததையே மறுபடி சிடியாக வாங்கினார்கள். லேபிளுக்கு இது ஏறக்குறைய செலவில்லாத வருமானம்: பதிவுக்கூடச் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது, விளம்பரம் தேவையில்லை, விலை மட்டும் பழைய இசைத்தட்டைவிட அதிகம். ஒரே பொருளை ஒருவருக்கு எத்தனை முறை விற்க முடியும்? அலமாரி நிறைந்ததும் அந்த ஓட்டம் நின்றுதான் ஆக வேண்டும். பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை பிறக்காமலே போயிருந்தாலும் 2000-களின் தொடக்கத்தில் ஓர் இறக்கம் வந்திருக்கும்.

மற்ற பாதி சரியில்லை. அலமாரி நிறைவது மெல்ல நடக்கும் காரியம். பழைய பட்டியலின் விற்பனை தேய்வதை அது விளக்கும். புதிதாக வெளியான ஹிட் ஆல்பங்களும் சேர்ந்து விழுந்ததை விளக்காது.

நாப்ஸ்டர் ஏன் சரியாக 1999-இல் வெடித்தது?

மூன்று பொருட்கள் அப்போதுதான் ஒன்றுசேர்ந்தன. முதலாவது எம்பி3. சிடியில் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டு 42 மெகாபைட் பிடிக்கும். 128 கிலோபிட் எம்பி3-இல் அதே பாட்டு 3.8 மெகாபைட், பதினொன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, கணினிகளில் சிடி டிரைவ் வழக்கமாகிவிட்டது. மூன்றாவது, இணைய இணைப்பு. தொலைபேசிக் கம்பி வழி இணைக்கும் 56 கே மோடத்தில் நடைமுறையில் நொடிக்கு 5 கிலோபைட் கிடைத்தால் 3.8 மெகாபைட் இறங்க 13 நிமிடம் ஆகும். 42 மெகாபைட்டாக இருந்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கல்லூரி விடுதிகளின் அதிவேக இணைப்பிலோ அதே எம்பி3 சில நொடிகளில் இறங்கியது. நாப்ஸ்டர் விடுதிகளிலிருந்து பரவியதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிடிக்கான தரநிலையில் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஏதும் கிடையாது. 1980-இல் அதை வகுத்தபோது ஒரு வீட்டுக் கணினியில் 600 மெகாபைட்டைச் சேமிக்க முடியும் என்று யாரும் எண்ணவில்லை. எனவே லேபிள்கள் ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் மூலப்பதிவுக்கு நிகரான, பூட்டில்லாத டிஜிட்டல் பிரதியைத் தாங்களே கொடுத்தன. நாப்ஸ்டரில் சுற்றிய பாட்டுகளில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து எடுத்தவை.

இறக்கிய ஒவ்வொரு பாட்டும் விற்காமல் போன ஒரு பாட்டுதானே?

இல்லை. லேபிள்களின் அறிக்கைகளில் வந்த மிகப் பெரிய இழப்புத் தொகைகள் பலவும் இந்தப் பெருக்கல் கணக்கில் பிறந்தவை. சும்மா கிடைக்கிறது என்று ஆயிரம் பாட்டு இறக்கிய மாணவரிடம் எழுபது எண்பது ஆல்பத்துக்கான காசு எந்நாளும் இருந்ததில்லை.

அப்படியானால் எத்தனை பாட்டு ஒரு விற்பனையைத் தின்றது? பொருளாதார ஆய்வாளர்கள் ரபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய தகவலை வைத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆல்பம் இறக்கினால் வாங்குவது ஏறத்தாழ 0.2 ஆல்பம் குறைகிறது என்று கண்டார்கள். ஐந்து இறக்கினால் ஒன்று வாங்காமல் விடுகிறார்கள். அதே ஆண்டு அலெஹாந்த்ரோ சென்ட்னர் ஐரோப்பியத் தரவில் பார்த்தது: கோப்புப் பகிர்வைப் பயன்படுத்துவோர் இசை வாங்கும் வாய்ப்பு 30 சதவீதம் குறைகிறது. ஒன்றுக்கு ஒன்று இல்லை, பூஜ்யமும் இல்லை.

பாதிப்பே இல்லை என்று ஒரு ஆய்வு சொன்னதே?

ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்ட்ஸர்-கீ, கோல்மன் ஸ்ட்ரம்ப் ஆய்வைத்தான் சொல்கிறீர்கள். 2007 பிப்ரவரியில் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமியில் வந்தது. இந்த விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும், அதிகம் திரிக்கப்படுவதும் இதுவே.

அவர்கள் செய்தது இது: 2002-இன் கடைசி 17 வாரங்களில் கோப்புப் பகிர்வு சர்வர்களில் நேரடியாகப் பதிவான டவுன்லோடுகளை 680 ஆல்பங்களின் அமெரிக்க விற்பனையோடு பொருத்தினார்கள். நேரே ஒப்பிட்டால் ஒரு சிக்கல்: பிரபலமான ஆல்பம் அதிகம் விற்கும், அதிகம் திருடவும் படும். அதனால் "திருட்டு விற்பனையை வளர்க்கிறது" என்றே தோன்றும். இதைத் தவிர்க்க ஜெர்மானியப் பள்ளி விடுமுறையைக் கொக்கியாகப் பிடித்தார்கள். ஜெர்மனியில் மாணவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் வலையில் கிடைக்கும் கோப்புகள் கூடும். அமெரிக்கர் இறக்குவது எளிதாகும். ஆனால் ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்கக் கடை விற்பனைக்கும் வேறு தொடர்பில்லை. சாமர்த்தியமான வழி. கிடைத்த விளைவு பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு சிறியது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான் லீபோவிட்ஸ் இதைப் பல ஆண்டு விடாமல் எதிர்த்தார். எங்கள் பார்வையில் வலுவான எதிர்ப்பு இதுதான்: அந்த ஆய்வு ஆல்பத்துக்கு ஆல்பம் பார்க்கிறது. ஒரு வாரம் ஒரு ஆல்பம் அதிகம் இறக்கப்பட்டால் அதே வாரம் அதே ஆல்பத்தின் விற்பனை குறைகிறதா என்பதே அதன் கேள்வி. ஆனால் ஒருவர் இசைக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டால், அந்த இழப்பு எல்லா ஆல்பத்தின் மீதும் பரவும். எந்த ஒரு ஆல்பத்தின் வரிசையிலும் தெரியாது.

பின்னாளில் கிடைத்த சான்றுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. ஸ்வீடனில் 2009 ஏப்ரல் 1 அன்று, கோப்புப் பகிர்வோரை அடையாளம் காண உரிமையாளர்களுக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் இசை விற்பனை 36 சதவீதம் உயர்ந்ததாக ஆடெர்மன், லியாங் ஆய்வு கணக்கிட்டது. பிரான்சில் கள்ளமாக இறக்குவோரை மூன்று முறை எச்சரித்துத் தண்டிக்கும் சட்டம் பேசப்பட்ட காலத்தில், ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸில் பாட்டு விற்பனை மற்ற நாடுகளோடு ஒப்பிட 22.5 சதவீதம் கூடியது என்று இன்னொரு ஆய்வு. திருட்டு குறைந்ததும் விற்பனை ஏறுகிறது என்றால், திருட்டு முன்பு விற்பனையைக் குறைத்திருக்கிறது என்றே பொருள். ஒரு நிபந்தனையை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு இடத்திலும் அப்போது வாங்கச் சட்டப்பூர்வமான, வசதியான கடை இருந்தது.

2000-இல் சிடி விற்பனை ஏறியதே! நாப்ஸ்டர் அந்த ஆண்டு முழுக்க ஓடியதே?

ஆமாம். 2000-இல் அமெரிக்காவில் சுமார் 94 கோடி சிடி அனுப்பப்பட்டது. அதுவே எல்லாக் காலத்துக்கும் உச்சம். கள்ள டவுன்லோடை ஆதரிப்பவர்களின் பிரியமான எண். ஆனால் அந்த ஆண்டு வீடுகளில் பெரும்பாலும் மோடம்தான்; வெற்றுச் சிடியில் பாட்டை எழுதும் பர்னர் எல்லோரிடமும் இல்லை; இறக்கிய பாட்டைக் காரிலோ ஹாலிலோ போட வழியில்லை. கணினியோடு கட்டிப்போட்ட பாட்டு சிடிக்கு முழு மாற்று ஆகாது. பர்னரும் கைக்கருவியும் வீட்டு அதிவேக இணைப்பும் வந்த பிறகுதான் மாற்று ஆனது. சரிவும் அப்போதுதான் கூர்மையடைந்தது.

லேபிள்கள் செய்த தவறு எது?

ஒன்றா இரண்டா. முக்கியமானதை முதலில் சொல்கிறோம்: 1999 நடுவிலிருந்து 2003 ஏப்ரல் வரை, பெரிய லேபிள்கள் ஐந்தின் பாட்டுகளையும் ஒரே இடத்தில் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள உருப்படியான ஒரு கடை இணையத்தில் இல்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டு. நாப்ஸ்டரை 1999 டிசம்பரில் வழக்குக்கு இழுத்தார்கள். 2001 பிப்ரவரியில் நாப்ஸ்டர் ஐந்து ஆண்டில் 100 கோடி டாலர் தருகிறோம், உரிமம் கொடுங்கள் என்றது. ஏற்கவில்லை. ஜூலையில் சேவை நின்றது. அதன் உச்சத்தில் 2 கோடியே 60 லட்சம் பயனர்கள் இருந்தார்கள். அவர்கள் சிடி கடைக்குத் திரும்பவில்லை, கசா, லைம்வயர் என்று மைய சர்வர் இல்லாத வலைகளுக்குக் கலைந்தார்கள். ஒரே வாசலில் நின்ற கூட்டத்தை அடைக்க முடியாத ஆயிரம் வாசல்களுக்கு விரட்டியதுதான் மிச்சம்.

2001 டிசம்பரில் லேபிள்களே இரண்டு சேவைகளைத் திறந்தன. சோனியும் யுனிவர்சலும் சேர்ந்து பிரஸ்பிளே. வார்னர், பிஎம்ஜி, இஎம்ஐ மூன்றும் சேர்ந்து மியூசிக்நெட். ஒன்றில் இருக்கும் பாட்டு பெரும்பாலும் மற்றதில் இல்லை. எந்தப் பாடகர் எந்த லேபிள் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? மியூசிக்நெட்டில் மாதக் கட்டணத்துக்கு 100 டவுன்லோடு, மாதம் முடிந்தால் அவை காலாவதி. சிடியில் எழுத முடியாது. பிரஸ்பிளேயில் எழுதலாம், ஆனால் எண்ணி எண்ணி, ஒரே கலைஞரின் பாட்டு மாதம் இரண்டுக்கு மேல் கூடாது. பக்கத்திலேயே எல்லாம் இலவசமாக, நிபந்தனையின்றிக் கிடைத்த நேரத்தில் இது. விலைக்குத் தோற்றதைவிட வசதிக்குத்தான் தோற்றார்கள்.

அடுத்தது விலை. 1990-களில் பெருங்கடைகள் சிடியை அடக்க விலைக்கும் கீழே விற்றுக் கூட்டம் சேர்த்தன. அதைத் தடுக்க, குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யும் கடைக்கு விளம்பர உதவித்தொகை இல்லை என்று ஐந்து லேபிள்களும் விதி வைத்தன. அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2000 மே மாதம் இதை நிறுத்தியது. முந்தைய மூன்று ஆண்டில் நுகர்வோர் 48 கோடி டாலர் வரை அதிகம் கொடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. மாநிலங்கள் தொடுத்த வழக்கு 2002-இல் ரொக்கமும் சிடிகளுமாக 14 கோடி டாலருக்கு மேல் தந்து முடிக்கப்பட்டது. நாப்ஸ்டர் வளர்ந்த அதே மாதங்களில் "இவர்கள் விலையை ஏற்றி ஏமாற்றினார்கள்" என்ற செய்தி வந்தால் வாடிக்கையாளர் மனம் எந்தப் பக்கம் போகும்?

மூன்றாவது, பூட்டுப் பைத்தியம். 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட 52 ஆல்பங்களில் எக்ஸ்சிபி என்ற காப்பு மென்பொருள் இருந்தது. சிடியை விண்டோஸ் கணினியில் போட்டால் அது இயங்குதளத்தின் அடியில் ஒளிந்துகொள்ளும். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் மறைத்துவிடும். அக்டோபர் 31 அன்று கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் இதை வெளிக்கொண்டுவந்தார். சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தினார்கள். வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இதில் வேடிக்கை, காசு கொடுத்து வாங்கியவரின் கணினிதான் பாழானது. எம்பி3 இறக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தனிநபர்கள் மீது போட்ட வழக்குகள் பலன் தந்தனவா?

2003 செப்டம்பர் 8 அன்று 261 பேரில் தொடங்கி, 2008 டிசம்பரில் கைவிடும்வரை 30,000-க்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை. பெரும்பாலோர் 3,000 முதல் 5,000 டாலர் கட்டி ஒதுங்கினார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர், வேண்டுமென்றே செய்ததானால் 1,50,000 வரை ஈடு கேட்கலாம். மின்னசோட்டாவில் 24 பாட்டுக்காக நடந்த வழக்கில் ஜூரி ஒரு கட்டத்தில் 19 லட்சம் டாலர் விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2,22,000-இல் நின்றது, பாட்டுக்கு 9,250 டாலர். இந்த வழக்குகளில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கோப்பைத் திறந்து வைத்திருந்தவர்கள், அதாவது பகிர்ந்தவர்கள், இறக்கியவர்கள் அல்ல. "இறக்கினால் வழக்கு" என்ற அச்சம் பரவியது, இறக்குவது நிற்கவில்லை.

நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகள் வேறு கதை. 2005 ஜூனில் கிராக்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லேபிள்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. லைம்வயர் 2010 அக்டோபரில் தடை பெற்று, 2011-இல் 10.5 கோடி டாலர் கட்டியது.

ஐடியூன்ஸ் காப்பாற்றியதா, கெடுத்ததா?

கள்ள டவுன்லோடுக்கு மாற்று தந்தது. ஆல்பத்தை உடைத்தது. இரண்டும் உண்மை.

கணக்கைப் பாருங்கள். சிடியை லேபிள் கடைக்குச் சுமார் 10 டாலருக்குக் கொடுத்தது. 99 சென்ட் பாட்டில் லேபிளுக்கு வந்தது ஏறத்தாழ 70 சென்ட், அதிலும் 9.1 சென்ட் பாட்டெழுதியவர் பக்கம் போகும். முன்பு இரண்டு நல்ல பாட்டுக்காகப் பன்னிரண்டு பாட்டுள்ள வட்டை வாங்கியவர் இப்போது அந்த இரண்டை மட்டும் வாங்குகிறார். 10 டாலர் 1.40 டாலராகிறது. வாடிக்கையாளர் நேர்மையானவர், காசு கொடுக்கிறார், வருமானம் ஏழில் ஒரு பங்கு. ஐடியூன்ஸ் கடை திறந்த 2003 ஏப்ரல் 28-க்குப் பிந்தைய சரிவில் பெரும் பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. "திருட்டு" என்ற கூச்சலில் இது கேட்கவில்லை.

இந்தப் பள்ளத்தையும் லேபிள்களே வெட்டின. 1990-களின் பிற்பகுதியில், மக்கள் முழு ஆல்பம் வாங்கட்டும் என்று ஒற்றைப் பாட்டு வட்டுகளைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஒற்றைப் பாட்டுக்கான தேவை எங்கும் போகவில்லை. முதலில் நாப்ஸ்டர் அதை நிரப்பியது, பிறகு ஐடியூன்ஸ். பூட்டு இருந்தால்தான் உரிமம் என்று லேபிள்கள் பிடித்த பிடிவாதமும் ஆப்பிளுக்கே சாதகமானது: அங்கே வாங்கிய பாட்டு கைக்கருவிகளில் ஆப்பிளுடையவற்றில் மட்டும் ஓடியதால் வாடிக்கையாளரும் விலை நிர்ணயமும் அந்த ஒரே கடையிடம் சிக்கின. 2009-இல்தான் பூட்டு முழுவதும் நீங்கி, 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்று விலை வந்தது.

இஎம்ஐ டவுன்லோடால்தானே அழிந்தது?

விற்பனை சரிந்திருக்காவிட்டால் அந்த நிலை வந்திருக்காது என்பது சரி. ஆனால் கழுத்தை நெரித்தது கடன். டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம் 2007-இல் 420 கோடி பவுண்டுக்கு இஎம்ஐயை வாங்கியது. பாதிக்கு மேல் சிட்டிகுரூப் கொடுத்த கடன். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி. கடன் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் 2011 பிப்ரவரியில் நிறுவனம் வங்கி கைக்குப் போனது. வங்கி கடனை 340 கோடி பவுண்டிலிருந்து 120 கோடியாகக் குறைத்து, இசைப்பதிவை யுனிவர்சலுக்கும் பாடல் உரிமைகளைச் சோனி தலைமையிலான குழுவுக்கும் விற்றது. இன்னொரு லேபிளான வார்னர் அதே 2011-இல் 330 கோடி டாலருக்கு விலைபோனது. 2020-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு 1,200 கோடிக்கு மேல். இடையில் மாறியது திருட்டல்ல, ஸ்ட்ரீமிங்.

இழப்பு கலைஞர்களுக்குத்தானே அதிகம்?

சிடி காலத்துக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒப்பந்தங்களில் வழக்கமாக இருந்த விகிதங்களை வைத்து ஓர் உதாரணம்: விலை 16 டாலர். பேக்கேஜிங் கழிவு 25 சதவீதம், மிச்சம் 12. ராயல்டி 12 சதவீதம் என்றால் 1.44. அதில் தயாரிப்பாளருக்கு 3 சதவீதப் புள்ளி, 36 சென்ட், போய் 1.08. கடைகளுக்கு விலையின்றிக் கொடுத்த "இலவசச் சரக்கு" என்று 15 சதவீதம் கழித்தால் 92 சென்ட். பதிவு, முன்பணம், பாதி வீடியோ செலவு எல்லாம் சேர்த்து 2,50,000 டாலர் கலைஞர் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், சுமார் 2,72,000 சிடி போகும்வரை அவர் கைக்கு ராயல்டியாக ஒரு சென்ட் வராது. அதற்குள் லேபிள் மொத்த விலையில் 20 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்திருக்கும். அதற்குமேல் திரும்பிவரும் வட்டுகளுக்காக ஒரு பகுதியைப் பிடித்துவைப்பது தனி.

எனவே முன்பணம் கழியாத பெரும்பாலான கலைஞர்களுக்குக் கள்ள டவுன்லோடு நேரடியாக எடுத்த ராயல்டி குறைவு. அடி வேறு வழியில் வந்தது: புதிய ஒப்பந்தங்கள் குறைந்தன, முன்பணம் சுருங்கியது, கச்சேரி வருமானத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்கள் வந்தன. பாட்டெழுதியவர்களின் நிலை வேறு. பிரதிக்கு இத்தனை சென்ட் என்று வாங்கியவர்கள், பிரதி குறைந்ததும் நேரடியாக இழந்தார்கள். பழி பேசும்போது அவர்கள் பெயர் அதிகம் வருவதில்லை.

பாட்டு மோசமானதால் விற்கவில்லை என்பது?

ரசனை சார்ந்த புகார். வால்ட்ஃபோகல் இதை, விமர்சகர் பட்டியல்களையும் பின்னாள் விற்பனையையும் வைத்து அளந்து பார்த்தார். நாப்ஸ்டருக்குப் பிறகு தரம் விழுந்ததாகத் தெரியவில்லை.

1980-களில் கேசட் மீதும் இதே பழி வந்ததே?

வந்தது. 1981-இல் பிரிட்டிஷ் லேபிள்களின் சங்கம் வீட்டில் கேசட்டில் பதிவதே இசையைக் கொல்கிறது என்று பிரசாரம் செய்தது. கொல்லவில்லை. ஆனால் இதை வைத்து டவுன்லோடும் பாதிப்பில்லை என்று வாதிடுவது தவறு. கேசட்டில் ஒவ்வொரு பிரதியும் இரைச்சல் கூடி வரும், பதிய முழு நேரமும் ஆகும், தெரிந்தவரிடம்தான் கொடுக்க முடியும். எம்பி3-இல் ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதியே. கொடுப்பவர் யாரென்றே தெரிய வேண்டாம்.

கடைகள் மூடியது?

டவர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக்கடைச் சங்கிலி 2004-இல் திவாலாகி, 2006-இல் அமெரிக்கக் கடைகள் அனைத்தையும் மூடியது. அந்தச் சங்கிலிக் கடைகளை முதலில் நெருக்கியவை சிடியை நட்டத்துக்கு விற்ற பெருங்கடைகள். 1997-இல் வந்த டிவிடி அதே அலமாரியையும் அதே பர்ஸையும் பங்கு கேட்டது. பழைய பட்டியல் முழுவதையும் வைத்திருந்த கடை மூடினால், பெருங்கடையில் கிடைக்கும் ஹிட்டுகள் தவிர மற்ற ஆல்பங்களுக்கு விற்குமிடமே இல்லாமல் போகும்.

இப்போது ஒரு சிறிய லேபிளின் வருமானம் குறைந்தால், காரணம் திருட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருட்டைக் கடைசியில் சந்தேகியுங்கள். நாங்கள் பார்க்கச் சொல்லும் வரிசை இது.

முதலில் காலத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரீமிங் அறிக்கை விநியோகஸ்தர் வழியாக இரண்டு மூன்று மாதம் தாமதமாக வரும். பணம் வந்த மாதத்தை விட்டுவிட்டுப் பாட்டு ஓடிய மாதத்தை வைத்து அட்டவணை போடுங்கள். பாதிச் "சரிவுகள்" இங்கேயே மறையும்.

அடுத்து, ஸ்ட்ரீம் எண்ணிக்கையையும் ஒரு ஸ்ட்ரீமுக்கான தொகையையும் தனித்தனியே வரையுங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்து தொகை மட்டும் இறங்கினால் அது திருட்டல்ல. ஸ்ட்ரீமுக்கு நிலையான விலை கிடையாது. ஒரு நாட்டில் ஒரு மாதம் திரண்ட பணம் அந்த நாட்டின் மொத்த ஸ்ட்ரீம்களுக்குப் பங்கிடப்படுகிறது. மற்றவர்களின் பாட்டு அதிகம் ஓடினாலும், இலவசக் கணக்கில் கேட்பவர் கூடினாலும் உங்கள் பங்கு குறையும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடிக்குள் தாண்டிவிட்டால் எண்ணப்படாது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. நீண்ட பட்டியலும் மெல்லிய கேட்பும் உள்ள லேபிளுக்கு இது ஓட்டை.

மூன்றாவது, அடையாள எண்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி உண்டு. விநியோகஸ்தரை மாற்றும்போது புது எண் கொடுத்துவிட்டால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு அறுந்து, பிளேலிஸ்ட்களிலிருந்தும் பாட்டு விழும். மாற்றத்துக்கு முந்தைய பட்டியலையும் பிந்தையதையும் எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். அதே பதிவு இரண்டு எண்ணில் இருந்தாலும் ஸ்ட்ரீம் பிளவுபடும்.

இவை எல்லாம் சரி என்றால் மட்டும் திருட்டைப் பாருங்கள். இன்று அதன் முக்கிய வடிவம் ஸ்ட்ரீம் ரிப்பிங்: வீடியோத் தளத்திலிருந்து ஒலியை மட்டும் பிரித்து எம்பி3 ஆக்குவது. அத்தகைய மிகப் பெரிய தளம் ஒன்று லேபிள்களின் வழக்கால் 2017-இல் மூடியது, வேறு பல உண்டு. உங்கள் பாட்டை யாரோ தம் பெயரில் பதிவேற்றியிருப்பது இதைவிட அதிகம் இழப்புத் தரும். பதிவேற்றிய வீடியோவில் உங்கள் பாட்டை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவுகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று விநியோகஸ்தரிடம் கேளுங்கள். சேர்த்திருந்தால் அந்த வீடியோவை முடக்குவதா, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதே லாபம். முடக்கினால் கேட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த பிரதியைத் தேடிப் போவார், அது உங்கள் கணக்கில் இருக்காது.